கிடைக்கவில்லை என்பதும் இல்லை என்பதும்



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ அவர் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு, ஏன் என்று கேட்பாராம். வகுப்பிலிருந்து பதில் வரும்வரை அடுத்த வரிக்குப் போகமாட்டாராம். சற்று முன் அவருடைய மகள் என்னிடம் இதைச் சொன்னார். அப்படிப்பட்ட ஒருவர் பெயரால் பேசும்போது, விடையைவிட, அந்த விடைக்கு ஏன் என்று கேட்டால் என்ன சொல்வோம் என்பதைப் பற்றிப் பேசுவதுதான் முறை.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். முதுகலை மாணவர்களுக்கு இடவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பருவத் தேர்வில், மெய்யெண் கோடும் தளமும் ஹோமியோமார்ஃபிக் அல்ல என நிறுவுக என்று பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. ஒரு மாணவன் மூன்று பக்கம் எழுதியிருந்தான். கோட்டைச் சுருளாகச் சுற்றித் தளத்தை நிரப்பப் பார்த்திருந்தான். சுருளின் இரு சுற்றுகளுக்கு நடுவே இடம் மிஞ்சியது. மடித்து மடித்து வைத்துப் பார்த்திருந்தான். மடிப்பில் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஒவ்வொரு முயற்சியும் எந்த இடத்தில் உடைகிறது என்பதைப் படம் போட்டுக் காட்டியிருந்தான். கடைசி வரி இது: "இதற்குமேல் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே அப்படி ஒரு சார்பு இல்லை."

பூஜ்யம் போட்டேன். திட்டப்படி அது சரியான மதிப்பெண்தான். ஆனால் அவனைக் கூப்பிட்டுப் பேசாமல் விட்டது என் தவறு. நாலு வரி நிறுவலை மனப்பாடம் செய்து எழுதிப் பத்து வாங்கியவர்களைவிட, அந்தக் கேள்வி எவ்வளவு கடினமானது என்பதை அவன்தான் உணர்ந்திருந்தான். கிடைக்கவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே உள்ள பள்ளத்தின் விளிம்புவரை அவன் தானாகவே நடந்து வந்திருந்தான். அவனிடம் அன்று சொல்லாததைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

இரண்டு வெளிகள் ஹோமியோமார்ஃபிக், அதாவது இடவியலில் ஒன்றே, என்றால் என்ன பொருள்? இதன் ஒவ்வொரு புள்ளிக்கும் அதில் ஒரே ஒரு துணை. யாரும் விடுபடக் கூடாது, யாருக்கும் இரண்டு துணை கூடாது. போகும்போது தொடர்ச்சி அறுபடக் கூடாது. அருகருகே இருந்தவை அருகருகேயே போய்ச் சேர வேண்டும். திரும்பி வரும்போதும் அப்படியே. இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் மாணவர்கள் மறப்பார்கள். ஒரு கம்பித்துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடது நுனிப்புள்ளி உண்டு, வலது நுனிப்புள்ளி மட்டும் இல்லை என்று வையுங்கள். வளைத்து இரு நுனிகளையும் சேர்த்தால் முழு வட்டம் கிடைக்கும். இல்லாத புள்ளியின் இடத்தில் இடது நுனி வந்து உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் துணை உண்டு, போகும்போது எதுவும் அறுபடவும் இல்லை. ஆனால் வட்டத்திலிருந்து கம்பிக்குத் திரும்பினால், சேர்த்த இடத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் கம்பியின் இரண்டு கோடிகளுக்குச் சிதறிவிடும். போவது மட்டும் சரியாக இருந்தால் போதாது.

இரண்டு வெளிகள் ஒன்றே என்று காட்ட, மேலே சொன்ன தகுதிகள் உள்ள ஒரே ஒரு சார்பைக் காட்டினால் போதும். கையில் பிடித்துக் காட்டி, வேலையை முடித்துவிடலாம். வேறு என்று காட்ட வேண்டுமானால், எழுதப்பட்ட சார்பு, எழுதப்படாத சார்பு, யாரும் நினைத்தே பார்க்காத சார்பு, அத்தனையும் தோற்கும் என்று சொல்ல வேண்டும். தொலைந்த சாவி வீட்டில் இல்லை என்று சொல்ல வீடு முழுவதும் தேடினால் ஆயிற்று. வீட்டுக்கு நாலு சுவர் இருக்கிறது. சார்புகளுக்குச் சுவர் இல்லை. தேடி முடிக்கவே முடியாத இடத்தில், தேடாமலேயே இல்லை என்று சொல்ல ஒரு வழி வேண்டும்.

வழி எளிய இடத்தில் தொடங்குகிறது. நம் எழுத்துகளையே பாருங்கள். கோட்டின் தடிமனை மறந்துவிட்டு, அச்சில் உள்ள உருவத்தை ஒரு வெளியாக எண்ணிக்கொள்ளுங்கள். 'ட' ஒரே கம்பி, ஒரு மடிப்பு. 'ப' ஒரே கம்பி, இரண்டு மடிப்பு. மடிப்பை நிமிர்த்துவது இடவியலில் கணக்கில்லை, இரண்டும் ஒன்றே. 'ட்' என்று புள்ளி வைத்ததும் கதை மாறிவிடுகிறது. ஒரு துண்டு இரண்டு துண்டு ஆகிவிட்டது. ஆய்த எழுத்து மூன்று துண்டு. தொடர்ச்சியான சார்பு ஒரு துண்டை இரண்டாகப் பிய்க்காது. ஆகவே 'ட'வையும் 'ட்'டையும் இணைக்கும் சார்பைத் தேட வேண்டிய தேவையே இல்லை. துண்டுகளை எண்ணினால் போதும்.

'ட'வும் 'ம'வும்? இரண்டும் ஒரே துண்டு. எண்ணிக்கை உதவவில்லை. இப்போது ஒரு புள்ளியை எடுத்துப் பாருங்கள். 'ட'வில் இரு நுனிகளைத் தவிர வேறு எந்தப் புள்ளியை எடுத்தாலும் அது இரண்டாகிவிடும். 'ம'வில் மூடிய வளையம் ஒன்று இருக்கிறது. வளையத்தின்மேல் ஒரு புள்ளியை எடுத்தால், அந்தப் பக்கம் போக மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு வழி இருக்கிறது, எழுத்து பிரியாது. எடுத்தாலும் பிரிக்காத புள்ளிகள் 'ட'வில் சரியாக இரண்டு, 'ம'வில் எண்ணிலடங்காதவை. இரண்டும் இடவியலில் வேறு. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: ஒரு பக்கம் ஒரு புள்ளியை எடுத்தால் மறுபக்கம் அதன் துணையையும் எடுக்க வேண்டும், எஞ்சிய இரண்டும் அப்போதும் இடவியலில் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். இந்தச் சிறு வாக்கியம்தான் நிறுவலின் அச்சாணி.

அந்த மாணவனின் கேள்விக்கும் இதுவே விடை. கோட்டில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் கோடு இரண்டாகும். தளத்தில் ஒரு புள்ளியை எடுத்தால், ஓட்டையைச் சுற்றிக்கொண்டு எங்கிருந்தும் எங்கும் போகலாம். தளம் ஒரே துண்டாகவே இருக்கும். முடிந்தது. மூன்று பக்கம் தேடியும் முடியாததை நாலு வரி முடித்துவிட்டது. எப்படி முடிந்தது? இந்த நாலு வரியும் சார்புகளைப் பார்க்கவே இல்லை. வெளிகளைப் பார்க்கின்றன. எந்தச் சார்பு வந்தாலும் குலைக்க முடியாத ஒரு பண்பைக் கண்டுபிடித்து, அது இதில் உண்டு, அதில் இல்லை என்று காட்டிவிடுகின்றன. மாறாப் பண்பு என்று இதைச் சொல்கிறோம். 'இல்லை' என்று சொல்வதற்கு, புதிதாக ஒன்று 'உண்டு' என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. என் ஆசிரியப் பணி முழுவதும் என்னைக் கட்டிப்போட்டது இதுதான்.

கோட்டுக்கும் தளத்துக்கும் வேறுபாடு உண்டு என்பது கண்ணுக்கே தெரிகிறதே, இதை நிறுவ வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். கேட்டுப் பார்த்தவர் ஒருவர் இருந்தார்: ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்த கேண்டர். கோட்டுத்துண்டின் புள்ளிகளையும் சதுரத்தின் புள்ளிகளையும் ஒன்றுக்கு ஒன்றாக இணைக்க முடியுமா என்று 1874 ஜனவரியில் கணிதவியலர் டெடிகிண்டுக்குக் கடிதம் எழுதினார். முடியாது என்பது வெளிப்படை, இதற்கு நிறுவல் எதற்கு என்றே அன்றைக்குப் பலரும் நினைத்தார்கள். 1877 ஜூனில் கேண்டரே முடியும் என்று கண்டுபிடித்தார்.

அவருடைய முதல் எண்ணம் மிக எளியது. சதுரத்தில் ஒரு புள்ளிக்கு இரண்டு ஆயங்கள். ஒன்று 0.123..., மற்றொன்று 0.456... என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தால் 0.142536... என்ற ஒரே எண் கிடைக்கிறது. பூத்தொடுப்பவர் இரண்டு நிறப் பூக்களை மாற்றி மாற்றி வைப்பது போல. அவிழ்த்தால் இரண்டு எண்களும் திரும்பக் கிடைத்துவிடும். 0.5 என்பதையே 0.4999... என்றும் எழுதலாம் என்பதால் இந்தக் கோப்பில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று டெடிகிண்ட் இரண்டே நாளில் சுட்டிக்காட்டினார். கேண்டர் தொடர்பின்னங்களைக் கொண்டு ஓட்டையை அடைத்தார். காண்கிறேன், ஆனால் நம்ப முடியவில்லை என்ற பொருளில், ஜெர்மனில் எழுதிய கடிதத்தின் நடுவே பிரெஞ்சில் ஒரு வரி எழுதினார். அது ஜூன் 29ஆம் தேதிக் கடிதம்.

அப்படியானால் பரிமாணம் என்ற சொல்லுக்கே பொருள் போய்விட்டதா? டெடிகிண்டின் பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பதற்றமே இல்லாமல் அவர் சொன்னார்: நீங்கள் காட்டிய இணைப்பு தொடர்ச்சியானது அல்ல, தொடர்ச்சியும் வேண்டும் என்று கேட்டால் பரிமாணம் குலையாது என்று நம்புகிறேன். அந்தத் தொடர்ச்சி எங்கே அறுகிறது என்று நாமே பார்த்துவிடலாம். கோட்டின்மேல் 0.5க்குச் சற்று முன்னே, 0.499999 என்ற இடத்தில் நில்லுங்கள். இலக்கங்களை அவிழ்த்தால் 0.499, 0.999. சதுரத்தின் மேல் விளிம்பை ஒட்டி இருக்கிறீர்கள். ஒரு துளி நகர்ந்து 0.500001க்கு வாருங்கள். இப்போது 0.500, 0.001. சதுரத்தின் கீழ் விளிம்புக்கு வந்துவிட்டீர்கள். கோட்டில் ஒரு நூலிழை நகர்ந்தால் சதுரத்தில் முழு உயரமும் விழுகிறோம்.

டெடிகிண்ட் நம்பியது சரி என்று நிறுவ முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. இடையே பலர் முயன்றார்கள், நிறுவிவிட்டோம் என்று எழுதினார்கள், நிறுவல்களில் குறை கண்டுபிடிக்கப்பட்டது. 1890இல் பியானோ என்ற கணிதவியலர், தொடர்ச்சி அறாமலே சதுரம் முழுவதையும் நிரப்பும் ஒரு வளைவரையைக் காட்டி அச்சத்தைக் கூட்டினார். அந்த வளைவரை சில புள்ளிகளை மீண்டும் மீண்டும் மிதித்துச் செல்கிறது என்பதால் மட்டுமே பரிமாணம் தப்பியது.

புள்ளியை எடுக்கும் தந்திரம் கோட்டுக்கும் தளத்துக்கும்தான் உதவும். தளத்தையும் முப்பரிமாண வெளியையும் பிரிக்க அது போதாது. புள்ளியை எடுத்தாலும் இரண்டும் ஒரே துண்டுதான். "ஐயா, தளத்தில் ஒரு கோட்டை எடுத்தால் பிரிகிறது, வெளியில் பிரியாதே" என்று வகுப்பில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எடுத்த கோட்டின் துணை, அந்தப் பக்கம் நேர்கோடாக இருக்கும் என்று யார் சொன்னது? நெளிந்து முறுக்கி எந்தக் கோலத்திலும் இருக்கலாம். பியானோவைப் பார்த்த பிறகு, தொடர்ச்சியான சார்பு என்னவெல்லாம் செய்யும் என்று நாம் அசட்டையாக இருக்க முடியாது.

1911இல் ஆம்ஸ்டர்டாமின் பிரவுவர் நிறுவினார். அதே ஆண்டு பிரான்சின் லெபேக் வேறொரு வழியைச் சொன்னார். அவர் கொடுத்த நிறுவல் முழுமையாக இல்லை என்று பிரவுவர் எதிர்த்தார், இருவருக்கும் மனக்கசப்பு வந்தது. நிறுவல் பிரவுவருடையது என்றாலும் லெபேக்கின் எண்ணத்தை ஒரு கொத்தனார்கூட உடனே பிடித்துக்கொள்வார் என்பதால் அதைச் சொல்கிறேன். செங்கல் சுவர் எழுப்பும்போது கீழ்வரியின் செங்குத்து இணைப்புக்கு நேர்மேலே மேல்வரியின் இணைப்பு வராதபடி அரைக்கல் தள்ளி வைப்பார்கள். பூசாத சுவர் ஒன்றின் அருகே போய் நின்று பாருங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் மூன்று கற்கள் சந்திக்கும். தரையோட்டை நேருக்கு நேர் பதித்தால் நான்கு சந்திக்கும். தள்ளிப் பதித்தால் அதை மூன்றாகக் குறைக்கலாம். இரண்டாகக் குறைக்க முடியுமா? எந்த வடிவக் கல்லை எடுத்தாலும், கற்கள் போதுமான அளவு சிறியவையாக இருந்தால், எங்காவது ஓரிடத்தில் மூன்று சந்தித்தே தீரும். கோட்டுத்துண்டைச் சிறு சிறு துண்டாக வெட்டினால் ஓரிடத்தில் இரண்டுக்குமேல் சந்திக்க வேண்டியதில்லை. கனசதுரத்தைச் சிறு கட்டிகளால் நிரப்பினால் நான்கு சந்தித்தே ஆக வேண்டும். இரண்டு, மூன்று, நான்கு: பரிமாணத்தோடு ஒன்று கூட்டிய எண். கற்கள் நெளிந்து கோணினாலும் எத்தனை கற்கள் ஓரிடத்தில் கூடுகின்றன என்ற எண்ணிக்கை நெளியாது. இதைவிட அழகான மாறாப் பண்பை நான் கண்டதில்லை.

பிரவுவரைப் பற்றி ஒரு சொல். இல்லாமல் இருக்க முடியாது என்று காட்டிவிட்டால் உண்டு என்று ஆகிவிடுமா, ஆகாது என்று வாதிட்டவரும் அவர்தான். தர்க்க விதிகளை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று 1908இலேயே கட்டுரை எழுதியிருந்தார். இருப்பதைச் சொல்வதற்கும் இல்லாததைச் சொல்வதற்கும் ஒரே அளவுகோல் போதாது என்பதை அவர் அளவுக்கு யாரும் மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்து பாய்ன்கரே. 1895இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையிலிருந்துதான் இன்றைய இடவியல் பிறக்கிறது. வளையலின் மேற்பரப்பையும் பந்தின் மேற்பரப்பையும் எப்படிப் பிரிப்பது? நூலால் ஒரு சுருக்கு போடுங்கள். பந்தின்மேல் எங்கே போட்டாலும் நூல் பரப்பைவிட்டு எழாமலே இழுத்துச் சுருக்கி ஒரு புள்ளியாக்கிவிடலாம். வளையலில் துளை வழியாக நுழைந்து சுற்றிவந்த சுருக்கு சுருங்காது. சுருக்குகளின் கணக்கை வைத்து ஒவ்வொரு வெளிக்கும் ஒரு குலத்தைக் கட்டினார் பாய்ன்கரே. அடிப்படைக் குலம் என்கிறோம். குலங்கள் வேறானால் வெளிகளும் வேறு.

இன்னொரு கணக்கும் அவரிடம் இருந்தது. சுருக்கு சுருங்குகிறதா என்று கேட்பதற்குப் பதிலாக, அது ஏதேனும் ஒரு பரப்பின் விளிம்பாக அமைகிறதா என்று மட்டும் கேட்பது. அந்தப் பரப்பு வட்டத்தகடாக இருக்க வேண்டியதில்லை; கைப்பிடிகள் முளைத்திருந்தாலும் சரி. இது எளிய கேள்வி, கணக்கிடவும் எளிது. ஹோமாலஜி என்று இதற்குப் பெயர். முப்பரிமாணக் கோளத்தை அடையாளம் காண இந்த எளிய கணக்கே போதும் என்று 1900இல் பாய்ன்கரே எழுதினார். ஹோமாலஜியில் வேறுபாடு கிடைக்கவில்லை என்றால் வேறுபாடே இல்லை என்பது அதன் பொருள். என் மாணவன் எழுதிய அதே கடைசி வரி!

நான்கு ஆண்டு கழித்து, 1904இல், தம் கூற்றைத் தாமே உடைத்தார். ஹோமாலஜியில் கோளத்திலிருந்து எள்ளளவும் வேறுபடாத, ஆனால் சுருங்க மறுக்கும் சுருக்குகளைக் கொண்ட ஒரு வெளியைக் கட்டிக் காட்டினார். அதன் அடிப்படைக் குலத்தில் 120 உறுப்புகள். பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட திண்ம உருவை எடுத்து, ஒவ்வொரு முகத்தையும் 36 பாகை திருகி எதிர் முகத்தோடு ஒட்டினால் அதே வெளி கிடைக்கும் என்பது பிற்பாடு தெரியவந்தது. அந்த 1904 கட்டுரையின் இறுதியில்தான் பாய்ன்கரே கேட்டார்: அடிப்படைக் குலமும் வெறுமையாகிவிட்டால், அது கோளமாகத்தான் இருக்க வேண்டுமா? இம்முறை ஆம் என்று எழுதவில்லை, வினாவாகவே விட்டார். ரஷ்யாவின் பெரல்மான் 2002, 2003 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளால் அந்த வினா தீர்ந்தது.

அதே 1904 நவம்பரில், இந்தச் சென்னை நகரில், ஆங்கிலிக்கன் பேராயரின் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. ஜான் ஹென்றி கான்ஸ்டன்டைன் வைட்ஹெட். குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு ஆக்ஸ்ஃபோர்டில் பாட்டியிடம் வளர்ந்தார். தத்துவ அறிஞர் ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட் இவருக்குச் சிற்றப்பாவோ பெரியப்பாவோ என்று மாணவர்கள் கேட்பதுண்டு, தந்தையின் உடன்பிறந்தவர். 1934இல் ஜான் வைட்ஹெட் பாய்ன்கரேயின் வினாவுக்கு விடை கண்டுவிட்டதாக ஒரு நிறுவலை வெளியிட்டார். அதில் அவர் நம்பிய ஒன்று இது: எல்லையின்றி விரிந்த ஒரு முப்பரிமாண வெளி, தனக்குள்ளேயே சுருங்கி ஒரு புள்ளியாகக் கூடியதாக இருந்தால், அது நாம் வாழும் சாதாரண முப்பரிமாண வெளிதான். அடிப்படைக் குலம் வெறுமை, ஹோமாலஜி வெறுமை. எந்தச் சல்லடையிலும் எதுவும் தங்காது. வேறென்னதான் இருக்க முடியும்?

மறு ஆண்டே, அப்படி ஒன்று இருக்கிறது என்று வைட்ஹெட்டே காட்டினார். அதைக் கையால் செய்து பார்க்கலாம். தடித்த ரப்பர் வளையம் ஒன்றை எடுங்கள். அதைவிடப் பெரிய, உள்ளே கூடான ஒரு வளையக் குழாய்க்குள் இதை வைக்க வேண்டும். நேராகச் சுற்றி வைக்கக் கூடாது. குழாயைச் சுற்றிக்கொண்டுபோய், ரப்பர் வளையத்தின் ஒரு மடிப்பு தன்னுடைய இன்னொரு மடிப்பைக் கொக்கிபோலப் பிடித்துக்கொள்ளும்படி வைக்க வேண்டும். தன்னையே ஊடுருவ அனுமதித்தால் அது குழாய்க்குள் எளிதாகச் சுருங்கிவிடும். அனுமதிக்காவிட்டால் கொக்கி விடாது. இப்போது இந்தக் குழாயை முழுத் திண்மமாக எண்ணி, இன்னும் பெரிய குழாய்க்குள் அதே கொக்கியோடு வையுங்கள். அதை இன்னொன்றில். முடிவே இல்லாமல் இப்படி வளர்ந்துகொண்டே போகும் வெளிதான் வைட்ஹெட்டின் வெளி. எந்தச் சுருக்கை எடுத்தாலும் ஏதோ ஒரு கட்டத்தின் வளையத்துக்குள் இருக்கும், அடுத்த கட்டத்தில் சுருங்கிவிடும். ஆனால் முதல் வளையத்தை இந்த வெளிக்குள் எந்தப் பந்துக்குள்ளும் அடக்க முடியாது. ஏதாவது ஒரு கொக்கி குறுக்கே நிற்கும். சாதாரண வெளியிலோ எல்லைக்குட்பட்ட எதையும் ஒரு பெரிய பந்துக்குள் போட்டுவிடலாம். ஆகவே இரண்டும் இடவியலில் வேறு.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். உள்ளே எங்கே நின்று பார்த்தாலும் தெரியாது. வெகுதூரத்தில், முடிவிலியின் பக்கத்தில் இருக்கிறது. ஓர் ஊர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெகு தொலைவில் ஒரு சுருக்கு போடுகிறோம். சாதாரண வெளியாக இருந்தால், ஊருக்குள் கால் வைக்காமலே வெளியிலேயே அதைச் சுருக்கிவிடலாம். வைட்ஹெட்டின் வெளியில், எவ்வளவு தொலைவுக்குப் போனாலும் ஊருக்குள் வந்தால்தான் அவிழும் சுருக்கு ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இரண்டு வெளிகள் இடவியலில் ஒன்று என்றால், எல்லைக்குட்பட்ட மூடிய ஊரின் துணையும் அப்படிப்பட்ட ஊராகவே இருக்கும். தொலைவு தொலைவாகவே இருக்கும். ஆகவே இதுவும் ஒரு மாறாப் பண்பு.

இந்தப் பண்பை இன்னொரு சென்னைக்காரர் எடுத்துக்கொண்டு செய்ததைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சி. பி. இராமானுஜம். பெயரைக் கேட்டதும் ஸ்ரீனிவாச ராமானுஜன் என்று நினைத்துவிடுகிறார்கள், அது எனக்கு எப்போதும் வருத்தம். இவர் 1938 ஜனவரி 9ஆம் தேதி பிறந்தவர். லயோலா கல்லூரியில் அருட்தந்தை ரசீன் அவர்களிடம் படித்து, அவர் ஊக்கத்தால் 1957இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். எண்கோட்பாட்டில் தொடங்கி இயற்கணித வடிவியலுக்கு வந்தார். 1974 அக்டோபர் 27 அன்று பெங்களூரில் காலமானார். வயது 36.

1971இல் ஆனல்ஸ் ஆஃப் மேதமேட்டிக்ஸ் இதழில் வந்த அவருடைய கட்டுரை, சிக்கலெண் தளத்தை இடவியலைக் கொண்டு அடையாளம் காண முடியுமா என்று கேட்கிறது. சிக்கலெண் தளம் என்பது மெய்யெண் கணக்கில் நான்கு பரிமாண வெளி. சமன்பாடுகளால் அமைந்த, கூர்மையோ கசங்கலோ இல்லாத ஒரு பரப்பு, தனக்குள் சுருங்கிப் புள்ளியாகக் கூடியது என்றால் அது சிக்கலெண் தளமாகத்தான் இருக்குமா? கொக்கி போட்ட குழாய்களைப் போன்ற முறுக்கெல்லாம் வெறும் சமன்பாடுகளில் வராது என்று நம்பத் தோன்றும். இராமானுஜம் நம்பிவிடவில்லை. ஒரு கூர்முனை உள்ள முப்படி வளைவரையையும் ஓர் இருபடி வளைவரையையும் எடுத்தார். இரண்டும் மூவிரண்டு ஆறு முறை சந்திக்க வேண்டும். ஒரு புள்ளியில் ஐந்து முறை ஒட்டித் தொட்டு, இன்னொரு புள்ளியில் ஒரே முறை வெட்டிக்கொள்ளும்படி அமைத்தார். வெட்டிக்கொண்ட அந்தப் புள்ளியை மட்டும் ஊதி விரித்து, பிறகு இரண்டு வளைவரைகளையும் நீக்கிவிட்டார். மிஞ்சியதுதான் இன்று இராமானுஜம் பரப்பு என்று உலகம் முழுதும் வழங்குவது.

அது புள்ளியாகச் சுருங்கும். எல்லாச் சல்லடையிலும் சிக்கலெண் தளத்தைப் போலவே வெறுமை காட்டும். ஆனால் முடிவிலிக்குப் போனால், ஊருக்குள் வராமல் அவிழாத சுருக்குகள் அங்கே நிற்கின்றன. ஆகவே அது சாதாரண நான்கு பரிமாண வெளி அல்ல. அதோடு நிற்காமல், அந்த ஒரு தடை நீங்கிவிட்டால் போதும் என்றும் நிறுவினார்: பரப்பு புள்ளியாகச் சுருங்க வேண்டும், முடிவிலியில் சுருக்குகளும் அவிழ வேண்டும், இரண்டும் இருந்தால் அது இயற்கணிதத்திலேயே சிக்கலெண் தளம்தான். வேறு என்று பிரிக்கும் பண்பையும், ஒன்றே என்று உறுதிசெய்யும் பண்பையும் ஒரே கட்டுரையில் கொடுத்தார். அவரைப் பற்றி நம் கல்லூரிகளில் ஆண்டுக்கொரு முறையாவது பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லி அமர்கிறேன். வைட்ஹெட்டின் வெளியை ஒரு நேர்கோட்டால் பெருக்குங்கள்; அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் எல்லையற்ற ஒரு கூடுதல் திசையைக் கொடுங்கள். கிடைப்பது சாதாரண நான்கு பரிமாண வெளியேதான். இராமானுஜம் பரப்பைச் சிக்கலெண் கோட்டால் பெருக்கினால் சாதாரண ஆறு பரிமாண வெளி கிடைக்கிறது. இதை இராமானுஜமே அந்தக் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார். இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்த வேறுபாடு எங்கே போயிற்று? இந்த முடிவுகளின் முழு நிறுவலும் நீண்டது. ஆனால் தடை எப்படி நீங்குகிறது என்பதை இங்கேயே பார்த்துவிடலாம். தொலைவில் ஒரு சுருக்கு அவிழாமல் நிற்கிறது. ஊர் வழியாகப் போனால்தான் அவிழும். இப்போது நமக்குப் புதிதாக ஒரு திசை இருக்கிறது. சுருக்கை அப்படியே அந்தத் திசையில் தூக்குங்கள், ஊரின் உயரத்தைத் தாண்டி. அந்த உயரத்தில் இருப்பதும் அதே வெளியின் ஒரு படிதான், ஆனால் அங்கே ஊர் இல்லை. முன்பு ஊர் மறித்த அதே வழியாக இப்போது சுருக்கைக் கொண்டுபோங்கள். அது ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது.